நீக்குதலும் நீங்குதலும்

கொழும்பு மாநகரிலே, ஹவ்லொக் வீதியும் ஹைலெவல் வீதியும் ஒன்றோடொன்று கைகோக்கும் இடத்தில் அமைந்திருப்பது கிருலப்பனை. அங்கே முச்சக்கர வண்டி ஒன்றை மறித்து, "கிறீன் பாத்துக்குப் போகவேண்டும்" என்று சொன்னால், அனுபவமுள்ள சாரதி மறுவார்த்தையின்றி வண்டியைச் செலுத்துவார். கிறீன் பாத் என்னும் பெயர் சட்டப்படி நீக்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. கொழும்பிலே பிறந்து கலையுலகின் பெரும் புகழ் எய்திய ஆனந்த குமாரசுவாமியின் பெயர் அவ்வீதிக்குச் சூட்டப்பட்டது. அவ்வாறே டரட் றோட், அநகாரிக தர்மபால மாவத்தை ஆயிற்று. புல்லர்ஸ் றோட், பௌத்தாலோக மாவத்தை ஆயிற்று. பலகைகள் மாறின, வரைபடங்கள் மாறின. முதியோர் நாவிலோ பழைய பெயர்கள் இன்னும் உலவுகின்றன. ஒரு பெயரை நீக்குதல் ஒன்று. அப்பெயர் நீங்குதல் மற்றொன்று. தமிழிலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரித்துக் காட்டும் இவ்வேறுபாட்டை மறந்தமையால் விளைந்த ஒரு பெருங் குழப்பத்தின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

அந்த வரலாறு வீதிகளைப் பற்றியதன்று. கணினிகளின் வழியே மக்கள் கூடி உரையாடிய செய்திக்குழுக்களைப் பற்றியது. 1979ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களாகிய ரொம் ட்ரஸ்கொட், ஜிம் எலிஸ் என்னும் இருவர், தம் கணினியையும் அயற் பல்கலைக்கழகக் கணினியையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்துச் செய்திகளைப் பரிமாறலாம் என்று எண்ணினர். வட கரோலினாப் பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெலோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். 1980இல் அது வெளியுலகுக்கு வந்தது. அதுவே யூஸ்நெற் எனப் பெயர் பெற்ற வலையமைப்பு. இன்று வழங்கும் உலகளாவிய வலை பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, அறிவியல், அரசியல், சமையல், இசை என எல்லாத் துறைகளிலும் மக்கள் அங்கே உரையாடினர். உலகளாவிய வலையைப் பற்றி ரிம் பேர்னர்ஸ்-லீ 1991 ஓகஸ்ட் மாதத்தில் பொதுமக்களுக்கு அறிவித்ததும் அத்தகைய செய்திக்குழு ஒன்றிலேதான்.

இவ்வமைப்பின் இயல்பை விளங்கிக்கொள்ள, நேயர்கள் வானொலியை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலங்கையில் 1925 டிசெம்பர் 16ஆந் திகதி தொடங்கிய ஒலிபரப்பு, ஒரு நிலையத்திலிருந்து எழுந்து எண்ணற்ற செவிகளைச் சென்றடைவது. நிலையத்தில் ஒரு விசையை அழுத்தினால் நாடு முழுவதும் ஒலி அடங்கிவிடும். யூஸ்நெற்றில் அத்தகைய தலைமை நிலையம் எதுவும் இருந்ததில்லை. ஒரு பல்கலைக்கழகக் கணினி தன்னிடமிருந்த செய்திகளை அடுத்த கணினிக்கு வழங்கும். அது தன் பிரதியை வைத்துக்கொண்டு அடுத்ததற்கு வழங்கும். இவ்வாறு ஆயிரக்கணக்கான நிலையங்கள், ஒவ்வொன்றும் தன் சொந்தப் பிரதியோடும், எந்தெந்தக் குழுக்களை வைத்திருப்பது என்ற தன் சொந்தப் பட்டியலோடும் விளங்கின.

தமிழருக்கு இது புதிய கோலமன்று. அச்சு வருமுன் நம் இலக்கியங்கள் வாழ்ந்த முறையும் இதுவே. மடத்தில் ஒரு சுவடி, புலவர் வீட்டில் ஒரு சுவடி, சிற்றூர்ப் பள்ளியில் ஒரு சுவடி. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும், பின்னர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடியபோதும், ஒரே நூலின் பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்கக் கண்டனர். ஒரு செய்யுள் இடைச்செருகல் என்று ஓர் அறிஞர் முடிவு செய்து தம் பதிப்பிலிருந்து விலக்கலாம். அதனால் ஏனைய ஏடுகளில் உள்ள செய்யுள் மறைந்துபோவதில்லை. அவ்வேட்டை வைத்திருப்பவர் அம்முடிவை ஏற்றால் அன்றோ அது அங்கிருந்து விலகும்!

செய்திக்குழுக்களை நீக்கும் முறையும் ஏறக்குறைய அத்தகையதே. புதிய குழுவைத் தொடங்கவும் பழைய குழுவை நீக்கவும் "கட்டுப்பாட்டுச் செய்தி" என்ற ஒரு தனி வகைச் செய்தி வகுக்கப்பட்டது. 1987 டிசெம்பரில் வெளியான யூஸ்நெற் விதிநூல், நீக்கற் செய்தி எல்லா நிலையங்களிலும் ஒரு குழுவை அகற்ற வல்லதாகையால், பொறுப்புள்ள நிருவாகியே அதனைக் கவனத்தோடு கையாள வேண்டும் என்று எச்சரித்தது. நீக்கற் செய்தி வந்தவுடன் கணினி தானே குழுவை அழித்துவிடுதலும் உண்டு, அழிக்காமல், "இவ்வாறு ஒரு செய்தி வந்துள்ளது, செய்வதா, விடுவதா?" என்று நிலைய நிருவாகிக்கு மடல் அனுப்பி நிற்றலும் உண்டு. எதனைத் தெரிவது என்பது அந்தந்த நிலையத்தின் உரிமை. எனவே, வடிவத்தால் கட்டளையாகத் தோன்றிய நீக்கற் செய்தி, நடைமுறையில் ஆயிரம் வாயில்களில் வைக்கப்பட்ட ஒரு விண்ணப்பமாகவே இருந்தது. குழப்பத்தின் முதல் வேர் இங்கே உள்ளது.

இரண்டாவது வேர் ஒரு சொல்லில் உள்ளது. நிலையத்தின் பட்டியலில் இல்லாத குழுவைக் கணினி நிரல்கள் "போலிக் குழு", "செல்லாக் குழு" என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தன. 1984இல் லரி வோல் என்பவர் ஆக்கிய பெயர்பெற்ற வாசிப்பு நிரல், வாசகரின் சொந்தக் குறிப்பேட்டையும் நிலையத்தின் பட்டியலையும் ஒப்புநோக்கும், நிலையத்தில் இல்லாத பெயர்களைக் குறிப்பேட்டின் கடைசிக்குத் தள்ளி, "போலிக் குழுக்களை நீக்கிவிடவா?" என்று வினவும். வினாவின் பொருள் மிக எளியது: உம்முடைய குறிப்பேட்டில் உள்ள பயனற்ற வரியை அழிக்கலாமா என்பதே அது. ஆனால் அனுபவமில்லாதார் காதில் அது எவ்வாறு ஒலிக்கும்? ஒரு குழு போலியானது என்று யாரோ தீர்ப்பளித்துவிட்டதாகவும், "ஆம்" என்று ஓர் எழுத்தை அழுத்தினால் உலகம் முழுவதிலும் அக்குழுவைத் தாமே அழித்தவராவார் என்பதாகவும் ஒலிக்கும்.

போலி என்னும் சொல்லுக்குத் தமிழில் இழிவுப்பொருள் உண்டு. நிரலாளர் கருதியதோ, "இந்நிலையத்தின் பட்டியலில் காணப்படவில்லை" என்ற சிறு செய்தி மட்டுமே. பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருக்கலாம். குழுவுக்குப் புதுப் பெயர் வந்திருக்கலாம். இடம் போதாமையால் நிருவாகி அதனை எடுக்காமல் விட்டிருக்கலாம். ஒரு நிலையத்தில் செல்லாத குழு, அடுத்த நிலையத்தில் நாள்தோறும் நூறு மடல்களோடு செழித்து வளரலாம். உள்ளூரில் இல்லாமையை உலகில் இல்லாமையாக எண்ணியதே பிழை.

இக்குழப்பம் முதன்முதலாகப் பேருருக் கொண்டது 1986, 1987ஆம் ஆண்டுகளில். அதுவரை குழுக்களின் பெயர்கள் பெரும்பாலும் ஒரே முன்னொட்டைக் கொண்டு ஒழுங்கின்றிப் பெருகியிருந்தன. அத்திலாந்திக் மாகடலுக்கு அப்பால் செய்திகளைக் கொண்டுசெல்லத் தொலைபேசிக் கட்டணம் மிகுதியாயிற்று. பயன் குறைந்த குழுக்களுக்குப் பணம் செலுத்த ஐரோப்பிய நிலையங்கள் தயங்கின. ஆகவே முதன்மை நிலையங்களின் நிருவாகிகள் கூடி, கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம், விவாதம் முதலிய ஏழு பெரும் பிரிவுகளாக எல்லாக் குழுக்களையும் வகுத்து, அவற்றுக்குப் புதுப் பெயரிட்டனர். 1986 யூலை முதல் 1987 மார்ச் வரை நடைபெற்ற இச்செயல் "மாபெரும் பெயர்மாற்றம்" என்று வரலாற்றில் வழங்குகிறது. மனிதப் பண்பியற் கல்விக்கென 1995இல் சேர்ந்த பிரிவோடு ஏழு எட்டாயிற்று.

பெயர் மாறியபோது பழைய பெயர்கள் படிப்படியாகச் செல்லாதவையாயின. புதுப் பட்டியலை உடனே ஏற்ற நிலையமும் இருந்தது. பழைய பெயரோடு தங்கிய நிலையமும் இருந்தது. ஒரே குழு ஓரிடத்தில் பழைய பெயரோடும் ஓரிடத்தில் புதிய பெயரோடும் வாழ்ந்தது. டரட் றோட்டுக்கு என்று முகவரி எழுதப்பட்ட கடிதம் தபாற்காரரின் பழக்கத்தினால் வீடு சேர்வதுபோல, பழைய பெயருக்கு வந்த மடல்களைப் புதிய பெயருக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் சில நிருவாகிகள் செய்தனர்.

இம்மாற்றத்தை அனைவரும் விரும்பினரல்லர். சமையற் குறிப்புகளுக்கான குழு ஒன்றை நடத்திய பிரயன் ரீட், தம் குழுவுக்குத் தரப்பட்ட புதுப் பெயரை ஏற்கவில்லை. அவரும் ஜோன் கில்மோர், கோர்டன் மொபெற் என்போரும் 1987 மே மாதத்தில், கலிபோர்ணியாவிலுள்ள உணவகம் ஒன்றில் கூடிப் பேசி, மாற்றுப் பிரிவு ஒன்றைத் தொடங்கினர். "அல்ட்" என்னும் முன்னொட்டுடைய அப்பிரிவில் குழு தொடங்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஏனைய பிரிவுகளில் முறையான விவாதமும் வாக்கெடுப்பும் நிகழ வேண்டும். எதிர் வாக்குகளிலும் ஆதரவு வாக்குகள் குறைந்தது 100 மிகுந்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் நிலவிய விதி. அல்ட் பிரிவிலோ எவரும் தொடக்கச் செய்தி அனுப்பலாம். எவரும் தொடங்கலாம் என்றால் எவரும் நீக்கலாமோ? இவ்வினாவுக்கு விடை 1995இல் கிடைத்தது.

அவ்வாண்டு ஜனவரி 11ஆந் திகதி, சயன்டோலொஜி என்னும் சமய அமைப்பின் வழக்கறிஞர் ஹெலினா கொப்ரின், அவ்வமைப்பைப் பற்றி விவாதித்து வந்த செய்திக்குழுவை நீக்குமாறு கட்டுப்பாட்டுச் செய்தி ஒன்றை அனுப்பினார். அக்குழு பொய்யான ஒப்பத்தோடு தொடங்கப்பட்டது. அமைப்பின் வணிகப் பெயர் குழுவின் பெயரில் அனுமதியின்றி வழங்குகிறது. பதிப்புரிமை பெற்ற ஏடுகள் அங்கே வெளியிடப்படுகின்றன என்பன அவர் காட்டிய காரணங்களுட் சில. குழு 1991இல் பொய்யொப்பத்தோடு தொடங்கியது என்பது உண்மையே. பதிப்புரிமை பற்றிய முறைப்பாடும் நீதிமன்றத்தில் ஆராயத்தக்கதே. எனினும், காரணம் வலியதாயினும் கருவி பொருந்தவில்லை. ஒரு செய்தியால் ஒரு குழு உலகெங்கும் மறையும் என்று கருதியதே தவறு. பெரும்பாலான நிருவாகிகள் அச்செய்தியைப் பொருட்படுத்தவில்லை. பொய்யாகத் தொடங்கிய குழுவாயினும், நான்காண்டுக் காலம் மக்கள் அங்கே கூடிப் பேசியமையே அதற்கு உயிராயிற்று என்பது அவர்களின் எண்ணம். நீக்க முயன்ற செய்தி பரவியதும் அக்குழுவை முன்னர் அறியாதவரும் அதனைத் தேடி வந்தனர். தீயை அணைக்க வீசிய காற்று தீயை வளர்த்த கதையாயிற்று.

மறுபுறம், நிருவாகிகளின் அச்சமும் வீணானதன்று. கட்டுப்பாட்டுச் செய்தியைப் பிறர் பெயரில் எழுதி அனுப்புதல் எளிது. குறும்பு செய்யும் ஒருவர் நூறு குழுக்களுக்கு நீக்கற் செய்தி அனுப்பினால், தானாகவே அழிக்கும் நிலையங்களில் அவையனைத்தும் மறையும். வாசகர் மறுநாள் வந்து வெறும் இடத்தைக் காண்பர். இதற்கு மருந்தாக, 1990களின் நடுப்பகுதியில், மறைகுறி முறையிலான ஒப்பம் கைக்கொள்ளப்பட்டது. புதிய குழுக்களின் அறிவித்தலை நடத்திவந்த டேவிட் லோறன்ஸ் தம் கட்டுப்பாட்டுச் செய்திகளில் அவ்வொப்பத்தை இட்டார். முத்திரை பொருந்தினால் மட்டும் செயற்படுத்து என்று நிருவாகிகள் தம் கணினிகளுக்குக் கற்பித்தனர். ஆயினும் அந்த முத்திரைக்கும் ஆணையிடும் வலிமை இல்லை. "இம்மனிதரை நாம் நம்புகிறோம்" என்று நிருவாகிகள் தாமே தேர்ந்து வழங்கிய மதிப்பே அதன் வலிமை. மதிப்பை மீட்டுக்கொள்ளும் உரிமையும் அவர்களிடமே இருந்தது.

நீக்கியவர் யார் என்பதை அறியாமையால் ஒரு மனிதர் தண்டனை வரை சென்ற நிகழ்ச்சியும் உண்டு. 1995 டிசெம்பரில், ஜெர்மனியின் பவேரிய மாநிலத்து விசாரணையாளர் சிலர், சிறுவரைச் சீரழிக்கும் சட்டவிரோதப் படங்களைத் தேடி, கொம்பியுசேர்வ் என்னும் சேவை நிறுவனத்திடம் சென்றனர். அதன்பின் அந்நிறுவனம் ஏறத்தாழ 200 செய்திக்குழுக்களைத் தன் நிலையத்தில் மூடியது. ஒரு நாட்டினருக்கு மட்டும் மூடும் வசதி அதனிடம் அப்போது இல்லாமையால், உலகெங்குமுள்ள அதன் வாடிக்கையாளர் அனைவருக்கும் அவை மூடப்பட்டன. ஜெர்மன் அரசு இணையத்தைத் தணிக்கை செய்துவிட்டது என்று ஒரு பக்கம் கூக்குரல் எழுந்தது. நாம் மூடுமாறு கட்டளையிடவில்லை, ஆராயுமாறு ஒரு பட்டியலையே தந்தோம் என்று விசாரணையாளர் தரப்பு மறுத்தது. மூடிய குழுக்களுள் குற்றத்தோடு தொடர்பே இல்லாதவையும் இருந்தன. குழுக்களோ உலகில் அழியவில்லை. வேறு நிலையங்களில் வழக்கம்போல நடந்தன. குற்றவாளிகள் வேறு வாயிலுக்குச் சென்றனர். குற்றமற்ற வாசகரே வாயிலில் நின்று திகைத்தனர்.

நிறுவனத்தின் ஜெர்மன் கிளைத் தலைவராயிருந்த பீலிக்ஸ் சோம் மீது வழக்குத் தொடரப்பட்டது. உலகெங்கிலுமிருந்து வந்து குவியும் மடல்களைக் கிளை நிறுவனத் தலைவர் ஒருவர் தடுத்திருக்க இயலுமா என்பதே அவ்வழக்கின் மையம். 1998 மே மாதத்தில் அவருக்கு இரண்டாண்டுச் சிறை, ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாக விதிக்கப்பட்டது. அரச தரப்பு வழக்கறிஞரே விடுதலையை வேண்டியிருந்தும் கீழ்நீதிமன்றம் அவ்வாறு தீர்ப்பளித்தது. 1999 நவெம்பரில் மேன்முறையீட்டில் அவர் விடுதலையானார். வலையமைப்புக்கு ஒரு தலைமை உண்டு, அத்தலைமை ஒரு விசையை அழுத்தினால் யாவும் அடங்கும் என்ற எண்ணம், ஒரு மனிதரின் வாழ்வில் ஏறக்குறைய நான்காண்டுகளை விழுங்கியது.

இந்த வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு. சமூகப் பிரிவிலே, பண்பாட்டுக் குழுக்களின் வரிசையில், இந்தியருக்கும் இலங்கையருக்கும் தனித்தனிக் குழுக்கள் இருந்தமைபோலத் தமிழுக்கும் ஒரு குழு இருந்தது. தமிழ் எழுத்துகளைத் திரையிற் காட்ட ஒழுங்கான முறை இல்லாத அக்காலத்தில், புலம்பெயர்ந்த தமிழர் உரோம எழுத்துகளில் தமிழை எழுதியும், ஆங்கிலத்தில் வாதிட்டும் அங்கே கூடினர். இலங்கையிற் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன் வலையமைப்பு 1990களின் தொடக்கத்தில் மின்மடல் வசதியை வழங்கியது. 1995 முதல் இணைய இணைப்பு வணிக முறையில் கிடைத்தது.

போர் நடந்த காலம் அது. கிருலப்பனையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, தொலைபேசிக் கம்பியின் வழியே வலையை எட்டிய ஒருவர், தாம் தேடிய குழு தம் சேவை நிலையத்தின் பட்டியலில் இல்லாதிருக்கக் கண்டால் என்ன எண்ணியிருப்பார்? இடம் போதாமையால் நிருவாகி எடுக்காது விட்டாரோ என்று எண்ணுவதற்கு முன்னர், எவரோ வேண்டுமென்றே அகற்றினர் என்றுதானே நெஞ்சு சொல்லும்! ஐயம் நிறைந்த காலத்தில் வெற்றிடமும் ஒரு குற்றச்சாட்டாகத் தோன்றும். அவ்வையம் சிலவேளை மெய்யாகலாம். ஆயினும் ஆராயாது கொள்ளும் ஐயம் அயலாரைப் பகைவராக்கும். கண்முன் உள்ள பட்டியல் யாருடையது என்னும் ஒரு வினா, அத்தகைய பகையைத் தொடக்கத்திலேயே தடுக்க வல்லது.

பின்னாளில் செய்திக்குழுக்களின் ஒளி மங்கியது. 2008இல் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் அன்ட்ரூ கூமோவின் விசாரணையில், சட்டவிரோதப் படங்கள் 88 குழுக்களிற் காணப்பட்டன. அதனையடுத்துப் பெரும் சேவை நிறுவனங்கள் சில, அந்த 88 குழுக்களோடு நில்லாது, அல்ட் பிரிவு முழுவதையுமோ, செய்திக்குழுச் சேவை முழுவதையுமோ கைவிட்டன. 2010 மே 20இல், யூஸ்நெற் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே தன் நிலையத்தை மூடியது. 2024 பெப்ரவரியில் கூகிள் நிறுவனமும் புதிய மடல்களை ஏற்பதை நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் "யூஸ்நெற் நீக்கப்பட்டது" என்ற பேச்சு எழுந்தது. ஒவ்வொரு முறையும் எஞ்சிய நிலையங்கள் தம் பணியைத் தொடர்ந்தன, இன்றும் தொடர்கின்றன. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் 1991 வரை நாடாக்களிற் சேமித்து வைத்தமையாற்றான் தொடக்ககால மடல்களில் ஏறத்தாழ இருபது இலட்சம் பின்னர் மீட்கப்பட்டன. கறையானுக்குத் தப்பிய ஓர் ஏடு ஒரு நூலைக் காப்பாற்றியமைபோன்ற செயல் அது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. பலர் காக்கும் ஒன்றை ஒருவர் நீக்க இயலாது. காப்பவர் ஒவ்வொருவரும் கைவிடும்போதே அது நீங்குகிறது. ஆதலால் குழுவைக் கொல்வது பெரும்பாலும் நீக்கற் செய்தியன்று, அக்கறையின்மையே. தமிழர் தம் மன்றங்களும் வாசிகசாலைகளும் சஞ்சிகைகளும் மறைந்தபோது, "யார் அழித்தார்?" என்று கேட்பது இயல்பு. சிலவேளை அதற்கு நேரான விடையும் உண்டு. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம் அதற்குச் சான்று. ஆயினும் பலவேளை, "யார் காத்தார்?" என்று கேட்பதே பொருந்தும்.

கிருலப்பனையில் நிற்கும் அந்த முச்சக்கர வண்டிச் சாரதி, கிறீன் பாத் என்ற பெயரைக் காக்க வேண்டுமென்று உறுதி பூண்டவரல்லர். கேட்பவர் இருக்கும்வரை அப்பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்பார் எவரும் இல்லாத நாளில், யாரும் நீக்காமலே அது நீங்கிவிடும்.